மூணு வயசுல போன கண்... 15 வயசுல பிறந்த எழுத்து! - லூயி பிரெயில் கதை

உங்க வீட்டுல ஓடியாடும் குழந்தை இருக்கா? அப்போ லூயி பிரெயிலின் கதையை நீங்க அவசியம் படிக்கணும்.

1809-ல், பாரிஸுக்குக் கிழக்கே கூவ்ரே கிராமத்தில் பிறந்தவர் லூயி. அப்பா, குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில், தோலில் துளைபோடும் கூரான கருவியை எடுத்து விளையாடினான் குழந்தை. அது நழுவி, ஒரு கண்ணில் குத்திடுச்சு. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். பாதிப்பு மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதுக்குள் பார்வை முழுசா போயிடுச்சு.

பெற்றோர் அவரை வீட்டில் முடக்கிடலை. ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினாங்க. 10 வயதில் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளி. அங்கே புடைப்பாக அச்சிட்ட எழுத்துகளைத் தடவித்தான் படிக்கணும். ரொம்ப நேரம் பிடிக்கும். அப்படி எழுதவும் முடியாது. ராணுவத்தில் இருந்த சார்லஸ் பார்பியே உருவாக்கிய 12 புள்ளி முறையை, 1824-ல் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார் லூயி. ஒரு எழுத்து, ஒரு விரல் நுனிக்குள் அடங்கிடுச்சு. அப்போ அவருக்கு வயசு 15!

அதே பள்ளியில் ஆசிரியரானவர், 1852-ல் காசநோயால் இறந்தார். வயது 43. பள்ளி அந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றதோ 1854-ல்தான். இன்று தமிழையும் அந்த ஆறு புள்ளிகளில் படிக்கலாம்.

குழந்தையின் கண்ணில் ஏதாவது குத்திட்டா கசக்க விடாதீங்க; குத்தியதை நீங்களே பிடுங்காதீங்க; தாய்ப்பாலோ கைவைத்தியமோ வேண்டாம். உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்க. பிறகு அடிபடாத கண் சிவந்தாலோ, மங்கினாலோ அதையும் சொல்லுங்க. லூயிக்குக் கிடைக்காத சிகிச்சை, இன்னிக்கு இருக்கு. நேரத்தை மட்டும் விட்டுடாதீங்க!