அரியலூர்க் கடலை வரைந்த பிளான்போர்டு

அரியலூர், பெரம்பலூர் வட்டார ஓடைகளில் கல்லாகிப்போன சங்குகளும் சிப்பிகளும் கிடைப்பதைப் பலரும் அறிவர். அவற்றைத் தாங்கிய நில அடுக்குகளை வரிசைப்படுத்தித் தந்த ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டைத்தான் நாம் அறியவில்லை.

லண்டனில் 1834-இல் பிறந்த அவர், 1855-இல் தம் அண்ணன் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களை ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது. அவருக்கு முன்பே, 1840-களில் கேய், கன்லிஃப் என்னும் இருவர் இப்பகுதியில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டியிருந்தனர். ஆனால், எது முந்தைய காலத்தது, எது பிந்தையது என்பது தெளிவாகவில்லை.

பிளான்போர்டு அடுக்குகளைத் தொடர்ந்து நடந்தே அவற்றின் எல்லைகளை வகுத்தார். மேற்கே பழம்பாறைகளை ஒட்டி ஊட்டத்தூர்த் தொகுதி. அதன்மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி. கிழக்கே இளையதான அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பிரித்தார். இவற்றுக்கும் பிற்பட்ட கடலூர் மணற்கற்களையும் அடையாளம் கண்டார். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்நாடுவரை பரவியிருந்த கடலின் வரலாறு இவ்வாறு வரைபடமாயிற்று. 1862-இல் அந்த அறிக்கை வெளிவந்தது. ஸ்டோலிச்கா இப்பகுதியின் உயிரெச்சங்களை விரிவாக விவரித்தது அதன் பின்னரே.

அவ்வாண்டே கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியரான பிளான்போர்டு, 1864-இல் அந்நகரைத் தாக்கிய பெரும்புயலை ஆராய்ந்தார். 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயப் பனிப்பொழிவுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை 1884-இல் எடுத்துக்காட்டி, நீண்டகால மழைக் கணிப்புக்கு வழிவகுத்தார். 1893-இல் மறைந்தார்.

சிதறிய தடயங்களில் ஒழுங்கைத் தேடுவதே இரு துறைகளிலும் அவர் கடைப்பிடித்த நெறி. அதை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. சாத்தனூர் கல்மரத்தைத் தேசிய நினைவுச்சின்னமாகக் காக்கிறோம். வாரணவாசியில் அருங்காட்சியகம் அமைத்துள்ளோம். ஆனால், அதே மண்ணின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும்போது அடுக்குகளும் மறைகின்றன. அடுக்கை இழந்த சிப்பி காட்சிப் பொருளாகலாம். காலத்தைச் சொல்லும் சான்றாகாது. சுரங்கத்துக்கு அனுமதி வழங்குமுன், முக்கிய வெட்டுமுகங்களில் சிலவற்றையேனும் தொடாமல் விட்டுவைக்க அரசு விதி செய்ய வேண்டும். பிளான்போர்டு படித்த ஏடுகளை நம் பேரப்பிள்ளைகளும் படிக்க அதுவே வழி.