காற்றைச் சக்கரமாக்கிய கால்நடை மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சக்கரத்தை முதன்முதலில் உருட்டிய மனிதன் யார் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரத்திற்கு மென்மை தந்தவரின் பெயரைச் சைக்கிள் மிதிக்கும் பள்ளிச் சிறுவனும் ஒரு காலத்தில் அறிந்திருந்தான். டயரின் பக்கவாட்டில் அப்பெயர் எழுத்தெழுத்தாய்ப் பொறிக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். வங்காளத்தின் சாகாகஞ்சிலும், பின்னர் நமது சென்னை அம்பத்தூரிலும் அப்பெயர் தாங்கிய தொழிற்சாலைகள் எழுந்தன. டன்லப் என்பது அப்பெயர். அதை ஒரு கம்பெனியின் பெயராக மட்டுமே அறிந்தவர் பலர். அதற்குப் பின்னால் நரைத்த தாடியுடன் ஒரு கால்நடை மருத்துவர் நிற்கிறார் என்பதை அறிந்தவர் சிலரே. அவரது வாழ்வை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜான் பாய்ட் டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867-இல் கடல் கடந்து அயர்லாந்துக்குச் சென்று தொழில் நடத்தினார். பின்னர் பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய மருத்துவமனை அந்நாட்டின் பெரிய கால்நடை மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. தம் உடல் மெலிந்தது, நலிந்தது என்று வாழ்நாள் முழுவதும் அவர் எண்ணி வந்தாராம். ஆயினும் 81 வயது வரை அவர் வாழ்ந்தார் என்பது சுவையான செய்தி.

வாயில்லா உயிர்கள் தம் நோவைச் சொல்வதில்லை. அவை நிற்கும் நிலையையும் நடக்கும் நடையையும் கண்டே மருத்துவர் நோயை அறிய வேண்டும். அப்படிப் பழகிய கண்களுக்குத் தம் வீட்டுப் பிள்ளையின் துன்பம் தெரியாமல் போகுமா? பத்து வயதளவில் இருந்த அவருடைய மகன் முச்சக்கர வண்டி ஒன்றை ஓட்டி வந்தான். பெல்பாஸ்ட் தெருக்கள் கல் பாவியவை. வண்டியின் சக்கரங்களோ கெட்டியானவை. ஒவ்வொரு கல்லின் மேடும் பள்ளமும் சிறுவனின் உடலை உலுக்கியது. அக்காலத்தில் எல்லோரும் அதை வண்டியின் இயல்பு என்று விட்டுவிட்டனர். தந்தை அவ்வாறு விடவில்லை.

1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தம் வீட்டு முற்றத்தில் அவர் ஒரு சோதனை செய்தார். சுமார் 96 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தட்டு ஒன்றை எடுத்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டால் ஒரு குழாய் செய்து, காற்றடைத்து, துணியால் பொதிந்து, தட்டின் விளிம்பில் பொருத்தினார். முச்சக்கர வண்டியின் சக்கரம் ஒன்றையும் இத்தட்டையும் அடுத்தடுத்து முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் சிறிது தூரம் சென்று சாய்ந்தது. காற்றுத் தட்டோ முற்றத்தின் கோடி வரை ஓடிக் கம்பத்தில் மோதித் திரும்பியது. மகனுக்குச் சுகம் தேடிப் புறப்பட்டவருக்கு வேகமும் சேர்ந்து கிடைத்தது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்குச் சற்று நிற்க விரும்புகிறேன். கெட்டிச் சக்கரம் ஒரு கல்லைச் சந்திக்கும்போது வண்டி முழுவதும் மேலே எழுந்துதான் அதைக் கடக்க வேண்டும். அதில் ஆற்றல் வீணாகிறது. அந்த அதிர்ச்சியே முதுகைத் தாக்குகிறது. காற்றடைத்த சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. டயர் அந்த ஓரிடத்தில் மட்டும் அமுங்க, வண்டி தன் மட்டத்திலேயே செல்கிறது. ஆகவே சுகமும் சிக்கனமும் இங்கு ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

1888-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18-இல் பெல்பாஸ்டில் நடந்த பந்தயத்தில் வில்லி ஹியூம் என்ற வீரர் இப்புதிய டயர் பூட்டிய சைக்கிளில் ஏறி, தாம் கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் வென்றார். டப்ளின் வணிகரான ஹார்வி டு குரோவின் புதல்வர்கள் அவரிடம் தோற்றனர். தோல்வியின் காரணத்தைத் தந்தை ஆராய்ந்தார். அவ்வாண்டே டயர் செய்யும் நிறுவனம் ஒன்று டப்ளினில் தோன்றியது. டன்லப் தம் உரிமையை அதற்கு அளித்துப் பங்குகள் பெற்றார்.

அப்போதுதான் இடி விழுந்தது. அவரது காப்புரிமை செல்லாது என்ற செய்தி வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டிலேயே இதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தார். 1847-இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால் அந்நாளில் ரப்பர் விலை மிகுதி. சைக்கிளும் இன்றைய வடிவத்தில் பிறக்கவில்லை. எனவே உலகம் அதை மறந்தது. தாம்சன் 1873-இலேயே மறைந்துவிட்டார். அவரது கண்டுபிடிப்பை அறியாமலே டன்லப் மீண்டும் அதைக் கண்டார். தாம்சன் விதைத்த காலத்தில் மழையில்லை. டன்லப் விதைத்தபோது மழை பெய்தது.

உரிமை போயினும் தொழில் நின்றது. டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றி மாட்டும் முறைக்கு 1890-இல் வேறு இருவர் பெற்ற காப்புரிமைகளை வாங்கி நிறுவனம் வளர்ந்தது. டன்லப் 1895-இல் அதிலிருந்து விலகினார். அவ்வாண்டே பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் மோட்டார் காரில் காற்று டயரைப் பூட்டிப் பாரிஸ் - போர்டோ - பாரிஸ் பந்தயத்தில் ஓடினர். மறு ஆண்டு டயர் நிறுவனம் 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. வாங்கியவர் அதை 50 லட்சத்துக்குப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அப்பெருஞ்செல்வம் டன்லப்பைச் சேரவில்லை. டப்ளினில் அமைதியாக வாழ்ந்து 1921 அக்டோபர் 23-இல் அவர் மறைந்தார். அவர் உருவப்படமோ உலகெங்கும் வணிகச் சின்னமாய்ச் சென்றது.

இவரது வாழ்வை நான் தேடிப் படிக்க நேர்ந்தது நூலகத்தில் அன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில். என் பாட்டனார் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டி ஓட்டியவர். என் தந்தையார் பழைய சிறிய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். ஊரிலிருந்து அரசு மருத்துவமனைக்குப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் முதியோரும் அதில்தான் செல்கிறார்கள். சென்ற ஆண்டு நான்கு டயர்களும் தேய்ந்துபோயின. கடைக்காரர் பார்வைக்கு எடுப்பான பெரிய சக்கரங்களைக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எது நல்லது என்று தந்தையார் என்னைக் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் பாடக் கேள்வி அது.

கணக்குப் போட்டேன். எங்கள் டயரில் 145/80 ஆர் 12 என்று எழுதியிருந்தது. அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 116 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். உள்ளிருக்கும் இரும்புச் சக்கரம் 12 அங்குலம். கடைக்காரர் காட்டியது 155/65 ஆர் 13. அதன் பக்கச் சுவர் 101 மில்லிமீட்டர்தான். வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றே. இரும்பு பெரிதானால் காற்றுக்கு இடம் சிறிதாகிறது! ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தமுள்ள காற்று அதைத் தாங்க 125 சதுர சென்டிமீட்டர் போதும். அது ஓர் உள்ளங்கை அளவே. அந்த உள்ளங்கையின் மேல்தான் ஒரு கர்ப்பிணிப் பெண் படுத்துச் செல்கிறாள்.

தந்தையார் பழைய அளவையே வாங்கினார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்த்து வாங்கச் சொன்னேன். நெடுநாள் கிடங்கில் கிடந்த ரப்பர் இறுகிவிடும். காற்றின் அளவைக் கார் செய்தவர் கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டின்படி வைக்கிறார். மிகுந்தால் கல்லாகும், குறைந்தால் டயர் சூடேறி ஓரம் தேயும். எங்கள் ஊர்ச் சாலையில் பள்ளங்கள் குறையவில்லை. ஆனால் மருத்துவமனை போய்ச் சேரும் வரை முதியவர்கள் முன்போல் முனகுவதில்லை என்று தந்தையார் சொல்கிறார்.

நண்பர்களே! டன்லப் பொறியாளர் அல்லர். பெரும் ஆய்வுக்கூடமும் அவருக்கு இல்லை. வண்டியைப் பார்த்தவர் பலர். வண்டியில் அமர்ந்திருந்தவனைப் பார்த்தவர் அவர். முதலிடமும் பெருஞ்செல்வமும் பிறரிடம் போயினும், நோயாளியைச் சுமந்து செல்லும் ஒவ்வொரு வாகனத்தின் கீழும் அவர் அடைத்த காற்று இருக்கிறது. நாம் கற்கும் அறிவியலும் தேர்வுத் தாளோடு முடியாமல், நம்மைப் படிக்க அனுப்பியவர்களின் முதுகு வலியை ஒரு சிறிதேனும் குறைக்குமானால், அதுவே நம் பட்டத்திற்குப் பெருமை சேர்க்கும்.