திருவடியில் ஒரு தமிழ் வரி

கங்க மன்னர்களான மாரசிம்மன், இராசமல்லன் ஆகியோரிடம் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர் சாமுண்டராயர். போர்க்களங்களில் பெற்ற வெற்றிகளுக்காக வீரமார்த்தாண்டர் முதலிய பட்டங்கள் பல அவரை வந்தடைந்தன. எனினும் நாம் அவரைப் போற்றுவது வாளின் பொருட்டன்று.

அன்னையார் காளலதேவி பௌதனபுரத்துப் பாகுபலி பகவானைத் தரிசிக்க விழைந்தார். அவ்விருப்பத்தை நிறைவேற்றப் புறப்பட்ட மைந்தர், சிரவணபெளகொளாவின் விந்தியகிரி உச்சியிலேயே பகவானின் திருவுருவை அமைத்தார் என்பது மரபு. கி.பி. 981-ஆம் ஆண்டளவில் ஒரே பாறையில் செதுக்கப்பெற்ற அவ்வுருவம் ஏறத்தாழ 57 அடி உயரமுடையது. வென்ற நாட்டையே துறந்த பெருமானை, வெற்றிகள் பல கண்ட வீரர் வழிபடத் தேர்ந்தது சிந்திக்கத்தக்கது.

அஜிதசேனாசாரியரிடமும் நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தியிடமும் பணிந்து பயின்ற அவர், 978-இல் அறுபத்துமூன்று மகாபுருஷர் வரலாற்றைக் கன்னட உரைநடையில் இயற்றினார். நேமிச்சந்திரர் கோம்மடசாரத்தை அருளியதும் இவர் பொருட்டே. மைந்தர் ஜினதேவரும் பெளகொளாவில் ஜினாலயம் எடுப்பித்தார். இவ்வாறு மூன்று தலைமுறையும் அறவழி நின்றது.

பகவானின் திருவடியருகே கன்னடத்திலும் மராத்தியிலும் உள்ள கல்வெட்டுகளோடு தமிழ் வரி ஒன்றும் கிரந்த, வட்டெழுத்துகளில் உள்ளது. செய்வித்தவர் சாமுண்டராயர் என்பதே அதன் பொருள். வென்ற பட்டம் ஒன்றேனும் அதில் இல்லை. தரிசனத்திற்குச் செல்லும்போது நம் பிள்ளைகளுக்கு அவ்வரியைக் காட்டி, அந்த அடக்கத்தையும் கற்பிப்போமாக.