சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (அக்டோபர் 4, 1884 - ஜூலை 23, 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், மேடைப் பேச்சாளர், இதழாசிரியர் மற்றும் எழுத்தாளர் ஆவார். வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய பாரதியார் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படுபவர். தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் தொழுநோயுடன் கழித்த இவர், இன்றைய தருமபுரி மாவட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில் காலமானார். அந்நோய் இவருக்குச் சிறையில்தான் தொற்றியது என்று நூல்களும் மேடைகளும் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. நோய் எதிர்ப்பியல் இன்று அறிந்துள்ளவற்றோடு அக்கூற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

இளமை

சிவா அன்றைய மதுரை மாவட்டத்தில் (இன்று திண்டுக்கல் மாவட்டம்) வத்தலக்குண்டில் இராஜம் ஐயர், நாகம்மாள் இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் சுப்பராமன். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். ராஜம் ஐயரும் இதே ஊரினர் என்பதால் அவரே சிவாவின் தந்தை எனச் சிலர் மயங்குவதுண்டு. நாவலாசிரியர் பிறந்தது 1872இல் என்பதால் இது பொருந்தாது. குடும்ப வறுமையால் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் கோயம்புத்தூரிலும் சிவாவின் படிப்பு துண்டு துண்டாகவே நடந்தது. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைத் திரட்டி அரசியல் பேசியதற்காகத் திருவிதாங்கூர் அரசு இவரை வெளியேற்றியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பேசியபடி தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியும் தண்டனையும்

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை இவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் முதன்மைக் கோரிக்கைகள். கடற்கரைக் கூட்டங்களில் சிவா ஆற்றிய உரைகள் தொழிலாளரை உறுதியாக நிற்கச் செய்தன. சில நாட்களில் நிருவாகம் இணங்கியது. இந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் மிகத் தொடக்கக் கால வெற்றிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததை அடுத்து, மார்ச் 12 அன்று சிவாவும் சிதம்பரம் பிள்ளையும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார். சிதம்பரம் பிள்ளைக்கு விதிக்கப்பட்ட இரு ஆயுள் தண்டனைகளுள் ஒன்று, சிவாவுக்குத் துணை நின்ற குற்றத்துக்காக என்பது குறிப்பிடத்தக்கது. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. திருச்சி, சேலம் சிறைகளில் கடுங்காவலில் இருந்த இவர் 1912 நவம்பரில் விடுதலையானார். சிறை வாயிலைத் தாண்டியபோது உடலில் தொழுநோய் வெளிப்பட்டிருந்தது. வயது 28.

நோய்

தொழுநோய் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் பாக்டீரியாவால் உண்டாகிறது. நார்வே மருத்துவர் எரார்டு ஆர்மவர் ஆன்சன் 1873இல் இதனைக் கண்டறிந்தார். எனவே சிவா நோயுற்ற காலத்தில் இது சாபமோ பரம்பரை வினையோ அன்று என்பது மருத்துவ உலகுக்குத் தெரிந்தே இருந்தது. மக்களிடையே அந்த அறிவு பரவியிருக்கவில்லை.

இந்த பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகுவது. ஒரு முறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாவுக்கு இருபது நிமிடம் போதும். ஆகவே தொற்றியதற்கும் அடையாளம் தோன்றுவதற்கும் இடையே சராசரியாக ஐந்தாண்டும், சிலருக்கு இருபது ஆண்டும் கூடச் செல்கின்றன. சிவா சிறையில் இருந்தது நான்கரை ஆண்டுக்குச் சற்று அதிகம். திருவனந்தபுரத்துச் சத்திரத்திலோ, வழிநடையிலோ, சிறை அறையிலோ எங்கே தொற்றியிருந்தாலும் நோய் இதே காலத்தில் வெளிப்பட்டிருக்கக் கூடும். ஆகையால் சிறையே தொற்றைத் தந்தது என்பதை மருத்துவ உண்மையாகக் கொள்ள இயலாது. சிறையின் பங்கு இல்லையென்று இதனால் ஆகிவிடாது. அப்பங்கு எத்தகையது என்பதை அறிய, உடல் இக்கிருமியை எவ்வாறு எதிர்கொள்கிறது எனப் பார்க்க வேண்டும்.

மனிதருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இக்கிருமியை இயல்பாகவே வென்றுவிடுகின்றனர். எஞ்சியோருக்கு மட்டுமே நோய் வருகிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகையான விழுங்கணுக்களின் மேற்பரப்பில் டோல் போன்ற ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. பழ ஈயில் முதலில் அறியப்பட்ட டோல் புரதத்தைப் போன்று இருப்பதால் இப்பெயர் பெற்றன. இத்துறைக் கண்டுபிடிப்புகளுக்காக புரூசு பொய்ட்லர், சூல்சு ஆப்மன் ஆகியோர் 2011இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இவ்வேற்பிகள் கிருமிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதில்லை. பல கிருமிகளுக்குப் பொதுவான வேதி அமைப்புகளை உணர்கின்றன. தொழுநோய்க் கிருமியின் மேலுறையில் உள்ள கொழுப்புப் புரதங்களை, முதலாம் இரண்டாம் டோல் போன்ற ஏற்பிகள் இணைந்து உணர்கின்றன.

உணர்ந்ததும் விழுங்கணுவினுள் ஒரு தொடர்வினை நிகழ்கிறது. உயிரணு, இரத்தத்தில் வரும் உயிர்ச்சத்து டியைச் செயல்வடிவுக்கு மாற்றி, அதன் தூண்டுதலால் கதெலிசிடின், டிபென்சின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளை ஆக்குகிறது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி. இவை பாக்டீரியாவின் சவ்வைத் துளைத்துச் சிதைக்க வல்லவை. உடல் தானே ஆக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லிகள் எனலாம். தற்காப்பு வலுவாக உள்ள டியூபர்குளாய்டு வகை நோயாளியின் தோலில் இவ்வேற்பிகள் மிகுந்தும், கிருமிகள் அரிதாகவும் காணப்படுகின்றன. லெப்ரமேட்டசு வகையிலோ, கிருமி தூண்டிவிடும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறு மேற்கண்ட உயிர்ச்சத்து டி வழியையே அடைத்துவிடுவதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன.

ஒருவருக்கு எந்த வகை வரும், வருமா வராதா என்பதில் மரபணுக்களுக்கும் பங்குண்டு. 2001இல் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது 10ஆம் நிறப்புரியில் நோய் ஏற்புத்தன்மையோடு தொடர்புடைய பகுதி ஒன்று காணப்பட்டது. உணவும் இதில் சேரும். பட்டினியும் ஊட்டக்குறைவும் உடலின் தற்காப்பைத் தளர்த்துபவை. உணவுப் பற்றாக்குறைக்கு ஆளான குடும்பங்களில் தொழுநோய் மிகுவதை வங்கதேச ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. சிறையின் பங்கு இங்கேதான் வருகிறது. கிருமி எங்கிருந்து வந்தது என்பது பெரிதன்று. அதை உள்ளே அடக்கி வைக்கக்கூடிய ஓர் இளைஞனின் உடலை அரைவயிற்று உணவும் கடும் உழைப்பும் என்ன செய்திருக்கும் என்பதே கேள்வி. நேரடிச் சான்றைவிட இக்குற்றச்சாட்டு வலுக்குறைந்தது அன்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

இன்னொன்றும் கூற வேண்டும். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதாக எண்ணுவது தவறு. கிருமி நரம்புகளைச் சுற்றியுள்ள சுவான் உயிரணுக்களில் குடியேறுகிறது. அதனை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சி, நரம்பையும் சேர்த்து அழிக்கிறது. உணர்விழந்த கை சூட்டையும் கல்லையும் அறியாது. புண் வருகிறது, வலிக்காததால் பேணப்படாமல் முற்றுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு 1940களின் இறுதி முதல் செய்த பணி இதனைத் தெளிவாக்கியது. இந்தப் பின்னணியில் சிவாவின் நடைப்பயணங்களை நோக்க வேண்டும். உணர்வு குன்றிய பாதத்துக்குப் புழுதிச் சாலையில் நெடுந்தொலைவு நடப்பதைவிடக் கேடான செயல் வேறில்லை.

நடையும் தடையும்

தொற்றுநோய் உடையோரை ஏற்ற மறுக்கும் அதிகாரத்தை 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம் நிருவாகத்துக்குக் கொடுத்திருந்தது. சிவாவுக்கென்றே அரசு புதுச் சட்டம் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவது சரியன்று. சட்டம் அவருக்கு ஆறு வயதாகும்போதே இருந்தது. ஆனால் தடை அவர்மீது செயற்பட்டது. ரயிலில் ஏற முடியாத சிவா கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசினார். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டமோ ஆதரவற்ற நோயாளிகளை அடைத்து வைக்க இடமளித்தது. அச்சட்டம் 2016 வரை நீக்கப்படாமல் இருந்தது.

அக்காலத்தில் நோய்க்கு இருந்த முதன்மை மருந்து நீரடிமுத்து எண்ணெய். பலன் சிறிது, குமட்டல் பெரிது. சல்போன் மருந்துகள் 1940களில்தான் வந்தன. செங்கற்பட்டு திருமணி தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட்டு காக்ரேன் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டாப்சோனைப் பயன்படுத்தியது உலக அளவில் முன்னோடியான முயற்சி. ரிபாம்பிசின், குளோபசிமின் சேர்ந்த கூட்டு மருந்து முறையை உலக சுகாதார அமைப்பு 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. இம்மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது.

எழுத்துப் பணி

விடுதலைக்குப் பின் சிவா சென்னையில் தங்கி 1913 முதல் ஞானபாநு இதழை நடத்தினார். பாரதியாரும் சிதம்பரம் பிள்ளையும் அதில் எழுதினர். வடமொழிக் கலப்பின்றி எழுதுவோருக்கு அவ்விதழ் பரிசு அறிவித்தது. தனித்தமிழ் இயக்க வரலாற்றில் இதற்கு இடமுண்டு. பின்னர் பிரபஞ்சமித்திரன் இதழையும் நடத்தினார். இராமானுச விஜயம், சச்சிதானந்த சிவம் முதலிய நூல்களும் நாடகங்களும் எழுதினார்.

பாப்பாரப்பட்டி

1921இல் துறவு பூண்ட சிவா, சுதந்திரானந்தர் என்ற பெயரை ஏற்றார். அதே ஆண்டு மீண்டும் கைதாகி இரண்டரை ஆண்டுத் தண்டனை பெற்றார். நோய் முற்றியிருந்ததால் முன்னதாகவே விடப்பட்டார். பாப்பாரப்பட்டி அன்பர்களின் துணையோடு அங்கே நிலம் வாங்கிப் பாரதாசிரமம் நிறுவினார். அவ்வூர் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். சாதி வேறுபாடின்றி எவரும் வழிபடக்கூடிய பாரதமாதா கோயில் ஒன்றை அங்கே எழுப்புவது இவரது பெருவிருப்பம். 1923இல் சித்தரஞ்சன் தாசு அதற்கு அடிக்கல் நாட்டினார். தொட்டால் தீட்டு என ஒதுக்கப்பட்ட நோயையுடைய ஒருவர், எவரையும் ஒதுக்காத கோயிலைக் கட்ட முனைந்ததை வாழ்க்கை வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

கோயில் பணிக்கு நிதி திரட்ட மீண்டும் ஊர் ஊராகச் சென்றார். 1925 ஜூன் 16 அன்று சித்தரஞ்சன் தாசு மறைந்தார். அடுத்த மாதம் பாப்பாரப்பட்டி திரும்பிய சிவா, ஜூலை 23 அன்று, 41 வயது நிறையும் முன்பே, காலமானார். அவர் காலத்தில் கோயில் எழவில்லை. தமிழக அரசு பின்னர் அவ்வூரில் சிவாவுக்கு மணிமண்டபமும், அதன் பின் பாரதமாதா நினைவாலயமும் அமைத்தது. 1961இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் டி. கே. சண்முகம் சிவாவாக நடித்தார்.