நாணலுக்கும் கரும்புக்கும் கல்யாணம்!
கோயம்புத்தூரில் நடத்தி வைத்தவர் ஒரு தமிழர்

நம் நாட்டு மக்கள் சாப்பிட்ட சர்க்கரை ஒரு காலத்தில் ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தது. 1930-ம் ஆண்டு வாக்கில்கூட ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன்! அந்தக் கப்பல்கள் நின்று போனதில் பெரும் பங்கு ஒரு தமிழருக்கு உண்டு. அவர் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

1884-ல் பிறந்தவர். தாவர இயல் படித்தவர். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, பார்பர் என்ற வெள்ளைக்கார நிபுணரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கரும்பு அதிகம் விளைந்தது வட நாட்டில். ஆனால் அங்கே கரும்பு சரியாக விதை கட்டாது. கோவையில் கட்டும். அதனால்தான் ஆராய்ச்சி இங்கே வந்தது.

தாய் வெள்ளை, தகப்பன் நாணல்

தடித்த கரும்பில் சாறு உண்டு, இனிப்பு உண்டு. ஆனால் வடக்கே அடிக்கும் குளிரும் வறட்சியும் தாங்காது. வடக்கத்தி நாட்டுக் கரும்போ குச்சி மாதிரி மெலிந்தது. ஆற்றங்கரை நாணலுக்கு இனிப்பு கிடையாது, எதையும் தாங்கும். பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். களையாகப் பிடுங்கி எறியும் புல்லைக் கரும்புக்கு மாப்பிள்ளையாக்குவது சாதாரணத் துணிச்சல் அல்ல!

பிறந்த பிள்ளை தாயைப் போலவும் இல்லை, தகப்பனைப் போலவும் இல்லை. இரண்டுக்கும் நடுவாக இருந்தது.

இது எப்படி? வாசலில் இருக்கும் அந்திமந்தாரையே இதற்குச் சாட்சி. சுத்த சிவப்புச் செடியையும் சுத்த வெள்ளைச் செடியையும் கலந்தால், பிள்ளைச் செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஒரு நிறம் மற்றதை அடியோடு அமுக்கி விடுவதில்லை. ஜெர்மனி நாட்டு கார்ல் காரன்ஸ் இதை ஆராய்ந்து காட்டினார். முழுமையற்ற ஓங்குத்தன்மை என்பது இதுதான். அந்திமந்தாரையின் நிறத்துக்கு ஒரே காரணி. கரும்பின் தடிமனுக்கும் இனிப்புக்கும் காரணிகள் பல. கணக்கு சிக்கலானது, ஆனால் நடுத்தரமாகப் பிறப்பது மட்டும் அதே போலத்தான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இளஞ்சிவப்புச் செடியின் விதையைப் போட்டால் எல்லாம் இளஞ்சிவப்பாக வராது. நாலில் ஒரு பங்கு சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை, இரண்டு பங்குதான் இளஞ்சிவப்பு. நடுத்தரம் விதையில் நிலைக்காது! நெல்லாக இருந்தால் திண்டாட்டம்தான். ஆனால் கரும்பை விவசாயி விதைத்தா பயிர் செய்கிறார்? கரணை வெட்டி நடுகிறார். கரணையில் முளைப்பது அதே செடி, பிள்ளை அல்ல. ஆகவே, நல்ல நாற்று ஒன்று கிடைத்தால் போதும், லட்சம் ஏக்கருக்கும் அதையே பரப்பலாம். அந்த ஒன்றைத் தேடித்தான் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்தார்கள்.

வடக்கே போன கோ-205

நாணலுக்குப் பிறந்த கரும்புக்கு கோ-205 என்று பெயர். 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. அங்கிருந்த நாட்டுக் கரும்பைப் போல் ஒன்றரை மடங்கு விளைந்தது என்பது கணக்கு. பார்பர் ஓய்வு பெற்றதும் நிலையம் வெங்கட்ராமன் பொறுப்புக்கு வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம் என்று கோ கரும்புகள் பரவின. அமெரிக்காவின் லூசியானாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும்கூட நட்டார்கள். 1932-ல் அரசு பாதுகாப்பு வரி போட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் சர்க்கரை ஆலைகள் 30 சொச்சத்திலிருந்து 130-க்கு மேல் போயின. வரி மட்டும் இருந்து, அரைக்கக் கரும்பு இல்லாதிருந்தால் ஆலை என்ன செய்யும்?

தெற்கே பெயர் வாங்கியது கோ-419. மண்டியா பக்கத்து வயல்களில் வெகுகாலம் அதுதான் நின்றது.

சீக்கிரம் வெட்டும் கரும்பு வேண்டும் என்று சோளத்தோடும் கலந்து பார்த்தார். மூங்கிலையும் விடவில்லை! அவை விவசாயி கைக்கு வந்து சேரவில்லை.

1937-ல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு இவர்தான் தலைவர். கரும்பைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், இந்தியக் கிராமத்தைப் பற்றிப் பேசினார். 1942-ல் ஓய்வு பெற்றார். 1956-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1963-ல் காலமானார்.

கோவை நிலையத்திலிருந்து வரும் புதுக் கரும்புகளுக்கு இன்றும் 'கோ' எண்தான்.