கரும்பின் வரலாற்றைப் படித்த அம்மையார்

மோகனூரில் சர்க்கரை ஆலை இருப்பதால் நம் நாமக்கல், சேலம் வட்டாரத்தாருக்குக் கரும்பு புதிதன்று. ஆனால் அக்கரும்பின் பிறப்பை ஆராய்ந்த ஒரு பெண்மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே டாக்டர் ஜானகி அம்மாள்.

1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் மலபாரைச் சேர்ந்த தலைச்சேரியில் அவர் பிறந்தார். அவ்வூர்த் திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்றபின், சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றார். மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் இருந்தார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது!

1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அந்நிலையம் 1912-இல் கோவையில் அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. செடிகளுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது; அதைக் கொண்டு அவை பகலிரவின் நீளத்தை அளக்கின்றன. பகல் ஏறத்தாழ பன்னிரண்டரை மணியாகக் குறுகும் நாட்களில் கரும்பு பூவுக்கு ஆயத்தமாகிறது. வடநாட்டில் அது சரிவரப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோவையிலோ பூத்து விதையும் தருகிறது. பூத்த கரும்பு மேலே வளராது, தண்டும் நெட்டியாகும் என்பதால் உழவர் பூக்காத கரும்பையே விரும்புவர். புது வகை உண்டாக்குவோருக்கோ பூ இல்லாமல் முடியாது.

தின்னும் கரும்பில் 80 குரோமோசோம்கள் உள்ளன. நாணல் போன்ற காட்டுக்கரும்பில் அவ்வெண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். இதை அம்மையார் நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து புதிய கலப்பினம் கண்டார். இனிப்பைத் தின்னும் கரும்பு தந்தது. நோய் தாங்கும் உரம் காட்டுக்கரும்பு தந்தது.

மனிதன் பயிரை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அதன் கடிகாரத்தையும் மாற்றிவிடுவதுண்டு. தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளியைவிடத் தோட்டத் தக்காளியின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று 2016-இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர் தெரிவித்தனர். வடக்கே நெடும்பகலுள்ள நாடுகளுக்கு ஏற்ற செடிகளையே மக்கள் தம்மை அறியாமல் தெரிந்தெடுத்து வந்ததன் விளைவு அது. பழைய கடிகாரம் காட்டுச் செடியிடம் எஞ்சியிருக்கிறது.

1939-இல் இங்கிலாந்து சென்ற அம்மையார், போர்க்காலத்திலும் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். பண்டித நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டுச் செடியின் அருமை தெரிந்தவராதலால், முதிய வயதிலும் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கும் அணைத் திட்டத்தை எதிர்த்தார். 1984 பிப்ரவரி 7-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று.

வரப்போரத்து நாணலை இனிக் களை என்று எண்ணிக் கடந்துவிடாமல், ஒரு கணம் நின்று பார்ப்போமாக!