கண்ணிழந்தவர் தந்த கையொப்பம்

சென்ற பருவத்தில் எங்கள் குழு இடுபணியின் முக்கியக் கோப்பு ஒன்று காணாமல் போனது. கிட் வரலாற்றைத் திறந்து பார்த்தோம். கோப்பை அழித்த கமிட்டில் என் பெயர் இருந்தது. நான் அழிக்கவில்லை. ஆனால் எப்படி நிரூபிப்பேன்? கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் நாமே தட்டச்சு செய்து வைக்கும் விவரங்கள்தாம். யார் பெயரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம்.

அன்றிரவே என் கமிட்டுகளுக்கு மின்கையொப்பமிட வழி தேடினேன். 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவிகளை உருவாக்கினேன். தனிச் சாவி என் கணினியில் மட்டும் இருக்கும், அதுதான் கையொப்பமிடும். பொதுச் சாவியைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். இம்முறையின் கணிதத்தைப் படித்தபோதுதான் லியோன்ஹார்ட் ஆய்லரைச் சந்தித்தேன்.

ஆய்லர் 1707இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். பாதிரியாரான தந்தை, மகனும் தம் வழியில் வர விரும்பினார். கணித அறிஞர் யோகான் பெர்னூலிதான் அவர் மனத்தை மாற்றினார். 1727இல், இன்று எனக்குள்ள அதே இருபது வயதில், ஆய்லர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணிக்குச் சேர்ந்தார். முப்பது வயதையொட்டி வலக்கண் பார்வை போனது.

1741 முதல் பெர்லினில் பணியாற்றினார். அக்காலத்தில், 1763இல் வெளியான கட்டுரையில் ஒரு தேற்றத்தை நிறுவினார். எளிய எடுத்துக்காட்டு இது: 10க்குள் 10உடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் 1, 3, 7, 9 என நான்கு. 3ஐ நான்கு முறை பெருக்கினால் 81. 7ஐ நான்கு முறை பெருக்கினால் 2401. இரண்டையும் 10ஆல் வகுத்தால் மீதி 1. இந்த ஒழுங்கு எல்லா முழு எண்களுக்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார்.

1766இல் ரஷ்யா திரும்பினார். விரைவில் மறு கண்ணும் மங்கியது. 1771இல் வீடு தீக்கிரையானது. அப்போதும் அவர் ஓயவில்லை. மனத்திலேயே கணக்கிட்டுச் சொல்ல, மகனும் மாணவர்களும் எழுதினார்கள். எழுதிய கை எவருடையதாயினும் கணிதம் ஆய்லருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருடைய படைப்புகளில் ஏறக்குறைய பாதி இக்காலத்தில் பிறந்தவை. 1783 செப்டம்பர் 18 அன்று இறந்தார்.

அந்தத் தேற்றத்தால் அன்று யாருக்கும் அன்றாடப் பயன் இல்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகிய மூவர், இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலோடு அதை இணைத்து ஆர்எஸ்ஏ முறையை உருவாக்கினார்கள். அந்தப் பகா எண்களை அறியாதவரால் என் தனிச் சாவியைக் கணக்கிட முடியாது. கையொப்பமிட்ட கமிட்டில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு தோல்வியடையும்.

பழைய கமிட்டில் என் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை எந்தக் கையொப்பமும் மாற்றாது. ஆனால் இந்தப் பருவம் குழுவில் நால்வரும் முதல் நாளே சாவி உருவாக்கிக்கொண்டோம். இனி ஒரு கோப்பு காணாமல் போனால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கையொப்பத்தைப் பார்த்தால் போதும்.